மூன்றாம் ஓலை

ஜனவரி 2, வியாழன்

காட்சி 4. தட்டில் ரொஷி மூன்று, தேங்காயும் சூரை மீனும் பிசைந்த மாஸ்ஹுனி ஒரு கைப்பிடி, எலுமிச்சைத் துண்டு ஒன்று. தேநீர் முக்கால் தம்ளர்.

இப்படித்தான் எழுத வேண்டுமாம். நோட்டைக் கொடுத்தவள் ஷிஃபா. படக்குழுவில் அவளுக்குக் கன்டினியூட்டி வேலை. ஒரே சாப்பாட்டை இவர்கள் பத்துத் துண்டாகப் படம் பிடிக்கிறார்கள். முதல் துண்டில் மூன்று ரொட்டி இருந்தால் கடைசித் துண்டிலும் அதே மூன்று, அதே இடத்தில், அதே கடி வாங்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் படம் பார்ப்பவன் சிரிப்பானாம். நான் தமிழில்தான் எழுதுவேன் என்றேன். "எனக்கு எப்படிப் புரியும்?" என்றாள். படித்துக் காட்டுகிறேன் என்றேன். இரண்டு வரி போதும் என்றாள். எனக்கு இரண்டு வரியில் நிறுத்தத் தெரியாது.

பதினொரு வருடமாக நான் மாலத்தீவில் சமையல்காரன். இந்தத் தீவில் விருந்தினர் விடுதி ஒன்றே ஒன்று. அதை முழுசாகப் படக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், சட்டி பானையோடு என்னையும் சேர்த்து.

முதல் நாளே வம்பு. தகப்பன் வேடம் போடும் மூஸாபே பெரிய நடிகர், அறுபது வயது. 'பே' என்றால் இங்கே அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். டைரக்டர் இல்யாஸ் 'கட்' சொல்வதற்குள் மனிதர் மூன்று ரொட்டியையும் உள்ளே தள்ளிவிட்டார். இரண்டாம் தடவையும் அப்படியே. நாலாம் தடவை ஷிஃபா என் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அல்போன்ஸ்பே, தயவுசெஞ்சு ருசியாச் சமைக்காதீங்க!"

முப்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. சினிமாச் சாப்பாடு சப்பென்று இருந்தால்தான் நடிகர் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்துவாராம். உப்பைக் குறை, முடிந்தால் போடாதே என்கிறாள். அதற்கு வேறு ஆளைப் பாரு என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இன்னொன்று. என் மகள் இன்ஃபன்டாவுக்கு இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி தூத்துக்குடியில் கல்யாணம், ஊர்க்காரன் ஒருவன் சொல்லித் தெரியும். படப்பிடிப்பு இருபத்தைந்து வரை. ஆகவே போக முடியாது. விஷயம் அவ்வளவுதான்.

ஜனவரி 3, வெள்ளி

விடுமுறை. போனில் சார்ஜ் நிற்பதில்லை. ஊரிலிருந்து ஏழு வாய்ஸ் மெசேஜ் வந்து கிடக்கிறது. பிறகு கேட்கலாம்.

ஜனவரி 5, ஞாயிறு

காட்சி 9. சோறு ஒரு கரண்டி, கருதியா ஒரு கிண்ணம், மிளகாய் இரண்டு.

கருதியா என்றால் வேறொன்றும் இல்லை, சூரை மீனை உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்த தெளிந்த சாறு. மீன் துண்டை வெட்டி அடுப்பில் ஏற்றும்போது போன் அடித்தது. தண்டல் மிக்கேல். தூத்துக்குடியிலிருந்து மாலேக்குத் தோணி ஓட்டுகிறவன். இப்போது ஊரில் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

"வே அல்போன்சு, உசுரோடதான இருக்கீரு?"

"ஏன் வே, காலங்காத்தால?"

"இன்னைக்குப் பூசையில உம்ம மவளுக்கு முதல் ஓலை வாசிச்சாங்க. 'காலஞ்சென்ற அல்போன்ஸ், மரியதங்கம் இவர்களின் மகள்'னு சாமியாரு வாசிக்காரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. போன மாசம்தான வே மாலேல ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சோம்?"

எங்கள் கத்தோலிக்கக் கோவில் வழக்கம் அது. கல்யாணத்துக்கு முந்தின மூன்று ஞாயிறும் பூசை முடிவில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று. ஊர் முழுவதும் காது கொடுத்துக் கேட்கும் ஓலை. அதில் என்னைக் கொன்றுவிட்டார்கள்.

"யாரு எழுதிக் குடுத்தது?"

"உம்ம மச்சினன் கஸ்பார்தான். மாப்பிள்ளை வீட்டுலயும் அப்படிச் சொல்லித்தான் சம்மந்தம் பேசிருக்காரு. சாமியாரு புதுசு, கோவிலும் உம்ம மச்சினன் வீட்டுப் பக்கத்துக் கோவில், அங்க உம்மள யாருக்குத் தெரியும்? ஓடிப்போன அப்பன்னு சொல்றதுக்கு இது..." மிக்கேல் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"மவளுக்குத் தெரியுமா?"

"முன் பெஞ்சுலதான் இருந்தா. தலையக் குனிஞ்சுட்டு இருந்தா."

போனை வைத்தேன்.   மச்சினன் செய்ததைக் கூட விடுங்கள், அவன் வாய் எப்போதும் அப்படித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாளே, அதுதான்.

கருதியாவில் உப்புப் போட மறந்துவிட்டேன். மூஸாபே ஒரு வாய் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. காட்சி ஒரே மூச்சில் முடிந்தது. ஷிஃபா ஓடிவந்து, "இன்னைக்கு அற்புதம், இனிமே இப்படியே செய்யுங்க" என்றாள். செத்தவன் சமையல் இப்படித்தான் இருக்கும் என்று தமிழில் சொன்னேன். நன்றி என்றாள்.

ஜனவரி 6, திங்கள்

காட்சி 11. தேநீர் மட்டும். பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டு தடவை தேய்த்தேன். பிறகு மூன்றாம் தடவை.

ஜனவரி 8, புதன்

காட்சி 14. பொரித்த மீன் ஒன்று, வால் இடது பக்கம்.

படத்தின் கதை இன்று முழுசாகத் தெரிந்தது. ஒரு பெண் ஒரு பையனை விரும்புகிறாள். பெற்றோர் எப்போதோ மணவிலக்கு வாங்கியவர்கள். தகப்பன் தூரத் தீவு ஒன்றில் தனியாகக் கிடக்கிறான். இவர்கள் வழக்கப்படி தகப்பன் வந்து சம்மதம் கொடுத்துத்தான் பெண்ணுக்கு நிக்காஹ். அதனால் அவள் தாயையும் இழுத்துக்கொண்டு படகேறித் தகப்பனைத் தேடிப் போகிறாள். போன இடத்தில் பழைய புருஷன் பெண்டாட்டிக்குள் மறுபடி காதல் வருகிறது. அறுபது வயதில் காதல்! இல்யாஸ் அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறான்.

மூஸாபே மத்தியானம் சமையற்கட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பேச்சு எல்லாம் இந்த நாட்டுப் பாஷை திவேஹியில்தான். எனக்கு இப்போது அது தண்ணீர் பட்ட பாடு.

"அல்போன்ஸ், உங்க ஊர்ல அப்பன் இல்லாமக் கல்யாணம் நடக்குமா?"

"நடக்கும். கோவில்ல பொண்ணு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். தாய்மாமன் போதும்."

"அப்ப உங்க ஊர்ல இந்தக் கதைய எடுக்கவே முடியாது" என்று சிரித்தார். பிறகு, "உனக்குப் பிள்ளைங்க?" என்றார்.

"ஒரு பொண்ணு."

"கடைசியா எப்பப் பாத்தே?"

அடுப்பில் ஏதோ பொங்கியது போலப் போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

சரி, நோட்டிலாவது எழுதுகிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால் இன்ஃபாவுக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை உடுப்பு, தலையில் பூ வளையம், பன்னிரண்டு வயது. விருந்துக்கு நூறு பேர். பிரியாணி என் கை. எவனோ ஒருவன் அதில் இரண்டாம் தடவை உப்பைப் போட்டுவிட்டான். முதல் பந்தியிலேயே எல்லாரும் துப்பினார்கள். கஸ்பார் பந்தி நடுவில் நின்று, "இவன் கையில கரண்டியக் குடுத்தோம், எங்க வீட்டுப் பொண்ணையும் குடுத்தோம், ரெண்டையும் கெடுத்துட்டான்" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். மரியதங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன். அடுத்த வாரம் இங்கே வந்துவிட்டேன். இரண்டு வருடம் என்றுதான் வந்தேன். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, பிறகு கிறிஸ்மஸுக்கு. பிறகு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

விடுமுறை. தீவைச் சுற்றி வர இருபது நிமிடம் ஆகும். ஏழு தடவை சுற்றினேன். ஆறாவது சுற்றில், வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார். சாவி என்றேன். பாவம், எழுந்து வந்து அவரும் தேடினார்.

ஜனவரி 12, ஞாயிறு

காட்சி 19. வாழைப்பழம் இரண்டு. ஒன்று பாதி உரித்தது.

மிக்கேலைக் கூப்பிடக் கூடாது என்றிருந்தேன். கூப்பிட்டேன்.

"ரெண்டாம் ஓலையும் அப்படியேதான் வே. காலஞ்சென்றதான்."

"மவ?"

"இன்னைக்குத் தலையக் குனியல. நேரா சாமியாரையே பாத்துட்டு இருந்தா. பூசை முடிஞ்சு பாத்தேன், கஸ்பார் கூப்பிடக் கூப்பிடக் காதுல வாங்காம எங்கயோ போயிட்டா. ஏன் வே, நீரு ஒரு போனப் போட்டா என்ன, கையா தேஞ்சுரும்?"

போன் கெட்டுப்போயிருக்கிறது என்றேன். எந்தப் போனில் பேசுகிறீர் என்றான். வைத்துவிட்டேன். வாய்ஸ் மெசேஜ் ஒன்பது ஆகிவிட்டது. எல்லாம் அவளிடமிருந்துதான். 'வராதீங்க, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா அசிங்கம்' என்று ஒன்றிலாவது இருக்கும். அவள் குரலில் அதைக் கேட்டுவிட்டால் பிறகு நான் மனுஷனாக இருக்க மாட்டேன். கேட்காதவரைக்கும் அவள் அப்படிச் சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

காட்சி 31. சோறு ஒரு கரண்டி, கருதியா, சூரைத் துண்டு இரண்டு. தட்டு இரண்டு.

நாளை எழுதுகிறேன். 

ஜனவரி 15, புதன்

நேற்று எடுத்ததுதான் படத்தின் முக்கியமான காட்சி. மகள் தகப்பன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள். உள்ளே அவன் சாப்பிட உட்காரப் போகிறான். லைட் வைக்க இரண்டு மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரம் மூஸாபே நிற்க முடியாது. அவர் உயரத்துக்கு ஆள் தேடினார்கள். நான்தான் அகப்பட்டேன். அவருடைய கைலியைக் கட்டிக்கொண்டு தட்டு முன்னால் உட்கார வைத்தார்கள். நடிக்க வேண்டாம், சும்மா இரு என்றார்கள்.

மகளாக நடிக்கும் பெண் யூம்னா. அவளும் பயிற்சிக்காக வாசலில் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் உங்ககிட்டக் கெஞ்ச வரல, அப்பா. சண்டை போடவும் வரல. நீங்க இல்லாம அது என் கல்யாணம் இல்ல. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

எனக்கு வசனம் கிடையாது. சும்மா இருக்க வேண்டியவன். என் கை தானாகப் போய் என் தட்டை அவள் பக்கம் தள்ளியது. "சாப்பிடு" என்றேன். தமிழில் சொன்னேன். யாருக்கும் புரியாவிட்டாலும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.  இல்யாஸ் மானிட்டரிலிருந்து எழுந்து, "மூஸாபே, எழுதிவச்ச பெரிய வசனமெல்லாம் வேண்டாம். இதைச் செய்ங்க, இந்த ஒத்தை வார்த்தை போதும்" என்றான்.

மூஸாபே என்னைத் தனியாக அழைத்து, "இந்த ஒரு காட்சிக்கு மட்டும் உப்புப் போட்டுக் குடு. வெறும் தண்ணிய வச்சு எனக்கு அழ வராது" என்றார். போட்டேன். போட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னதையே நினைத்துக்கொண்டு நின்றேன். பிறகு உப்புப் போட்டோமா என்று நினைத்து மறுபடியும் போட்டேன்.

காட்சியில் மூஸாபே ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. கண்ணில் நீர் வந்தது. யூம்னாவும் வைத்தாள். அவளுக்கும் அப்படியே. இருவரும் அழுதுகொண்டே தட்டைக் காலி செய்தார்கள். இல்யாஸ் கை தட்டினான். அவன் நடிப்பு என்று நினைத்துக்கொண்டான்.

வெளியே வந்து மூஸாபே ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். "அடப்பாவி, கடல் மொத்தத்தையும் இறக்கிட்டியே!"

"பிறகு ஏன் முழுசாச் சாப்பிட்டீங்க?"

"அந்தப் பொண்ணு நிறுத்தாமச் சாப்பிட்டாளே, நான் எப்படி நிறுத்துவேன்?"

எழுதிவிடுகிறேன். புதுநன்மை அன்று இரண்டாம் தடவை உப்புப் போட்டது எவனோ அல்ல. நான்தான். வெள்ளை உடுப்போடு இன்ஃபா சமையற்கட்டு வாசலில் வந்து, "ப்பா, நல்லா இருக்கேனா?" என்று ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளைப் பார்த்துக்கொண்டே போட்டேன். அன்றே இதைச் சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு ரோஷம். போனுக்கும் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று காலை கரையில் போய் உட்கார்ந்து வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். இப்போது பதினொன்று. எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன், அவை எனக்கு வந்தவை. இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

நாலாவது: "ப்பா, நான் உங்ககிட்ட இதச் சொன்னதே இல்ல. அன்னைக்கு அந்தப் பிரியாணிய நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன். நீங்க அடுப்புப் பக்கமாத் திரும்பி நின்னுட்டீங்க, பாக்கல."

பதினொன்றாவது, திங்கட்கிழமை வந்தது: "ப்பா, மாமா இப்படி எழுதிக் குடுப்பாருன்னு எனக்குத் தெரியாது. முதல் ஓலை அன்னைக்கு வெக்கத்துல எந்திரிக்க முடியல. நேத்துப் பூசை முடிஞ்சதும் சாமியார்ட்டப் போயிச் சொல்லிட்டேன், எங்கப்பா உசுரோட இருக்காங்கன்னு. மாப்பிள்ளட்டயும் சொல்லிட்டேன். அவுங்க வீட்டுல சத்தம் போட்டாங்க, பெறகு சரின்னுட்டாங்க. மூணாம் ஓலைய ஒழுங்கா வாசிப்பாங்க. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா முதல் ஓலை வாசிச்ச அன்னைக்கு அவுங்க சாப்பிடல. நீங்க வந்தா வாங்க ப்பா. வராட்டாலும் நான் மாமா கையப் புடிக்க மாட்டேன். ஒத்தையிலயே நடந்து போயிருவேன்."

ஐம்பத்தாறு வயதில் கடற்கரையில் உட்கார்ந்து அழுதேன். வலைக்காரர் வந்து, "சாவி கிடைச்சிதா?" என்றார். கிடைத்தது என்றேன்.

ஜனவரி 16, வியாழன்

இல்யாஸிடம் போய் நின்றேன். முடியவே முடியாது என்றான். இன்னும் ஐந்து சாப்பாட்டுக் காட்சி இருக்கிறது, நீ போனால் தட்டை யார் வைப்பார்கள் என்றான். நியாயம்தான். ஒப்புக்கொண்ட வேலை. ஆனால் நான் நகரவில்லை. மூஸாபே அங்கே தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இல்யாஸ், படத்துல அந்தப் பொண்ணு கடல் தாண்டிப் போயி அப்பனைக் கூட்டிட்டு வர்றா. நீ நிஜ அப்பனைக் கட்டி வைக்கிறியே, உனக்கே இது நல்லாருக்கா?"

ஷிஃபா காகிதங்களைப் புரட்டினாள். ஐந்தையும் சனிக்கிழமை ஒரே நாளில் எடுத்துவிடலாம், உடுப்பு மாற்றுவதுதான் வேலை என்றாள். இல்யாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இன்ஃபாவுக்குப் போன் செய்யக் கையில் எடுத்தேன். பதினொரு வருடத்தை எங்கே தொடங்குவது? கடைசியில் 'வாரேன்' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'வாங்க ப்பா, உப்ப மட்டும் பாத்துப் போடுங்க' என்று பதில் வந்தது. என் மகள்தான், சந்தேகமே இல்லை.

ஜனவரி 18, சனி

காட்சி 33, 36, 40, 41, 47. தட்டு மொத்தம் இருபத்தாறு. எழுத நேரமில்லை. எல்லாவற்றையும் ஷிஃபா போட்டோ எடுத்துக்கொண்டாள். எதிலும் உப்பு இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மாலே போகும் விரைவுப் படகில் எழுதுகிறேன். எழுத்து குதிக்கிறது. நோட்டை ஷிஃபா திரும்ப வாங்கவில்லை. "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே, நீங்களே வச்சுக்கோங்க" என்றாள்.

படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மிக்கேல் கூப்பிட்டான். கிசுகிசு என்று பேசினான்.

"கோவிலுக்குள்ள இருக்கேன் வே. சத்தம் காட்டாதீரும். போனச் சட்டைப் பையில வைக்கேன், காது குடுத்துக் கேளும்."

இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டுகிறவரிடம் போய், ஐயா ஒரு நிமிடம் நிறுத்துங்கள், என் மகள் கல்யாணம் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, நிறுத்திவிட்டார். ஏறியிருந்த பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். சாமியார் குரல் வந்தது. முதலில் வேறு ஒரு ஜோடி. பிறகு எங்கள் ஓலை.

"...திரு. அல்போன்ஸ், திருமதி மரியதங்கம் இவர்களின் மகள் இன்ஃபன்டா..."

திரு. அவ்வளவுதான். அந்த இரண்டெழுத்துச் சொல்லுக்காக இரண்டு வாரம் காத்திருந்திருக்கிறேன் போல. தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் முடித்தார். "தடை இல்ல சாமி" என்று நடுக்கடலில் கத்திவிட்டேன். மிக்கேல் சட்டைப் பையிலிருந்து என் குரல் கோவிலுக்குள் கேட்டிருக்க வேண்டும். இணைப்பு உடனே அறுந்துபோனது.

படகில் ஒரு கிழவர் மெதுவாக, "போகலாமா?" என்றார். போகலாம் என்றேன்.

ஜனவரி 22, புதன்

திருவனந்தபுரத்தில் விமானம் விட்டு இறங்கி, பஸ் மாறி மாறி ஊர் வந்தது, வந்ததும் இன்ஃபா பேசியது, இதெல்லாம் இந்த நோட்டுக்கு வேண்டாம்.

கோவில் வாசலில் அவள் என் கையைப் பிடித்தாள். நான் பிடித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அவள்தான் பிடித்தாள்.  "மெதுவா நடங்க ப்பா, யாரும் துரத்தல" என்றாள். கஸ்பார் மூன்றாம் பெஞ்சில் இருந்தான். தலையைக் குனிந்துகொண்டிருந்தான். எனக்கு அவன்மேல் வஞ்சம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். பாதி தீர்ந்தது.

விருந்தில் சமையற்கட்டுப் பக்கமே போகவில்லை. போகக் கூடாது என்று இன்ஃபா கட்டளை. கடைசிப் பந்தியில் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர்களை எல்லாம் தள்ளிவிட்டு மரியதங்கம் தட்டோடு வந்தாள். வந்ததிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். தட்டை என் முன்னால் வைத்தாள். போகவில்லை, நின்றாள்.

தட்டு: ஆட்டுக்கறிப் பிரியாணி இரண்டு கரண்டி, அவித்த முட்டை ஒன்று, வெங்காயப் பச்சடி. ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் உப்பு.

பிரியாணிக்குப் பக்கத்தில் யாரும் உப்பு வைப்பதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"இந்தத் தடவையாவது ஒருக்காப் போட்டாப் போதும்" என்றாள். இரண்டாம் தடவை போட்டது நான்தான் என்று அவளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

உப்பைத் தொடவில்லை. முழுசாகச் சாப்பிட்டேன்.